ரோஜர்ஸ் கணவாயில் பனி

பனிநாட்டு ரயில் என்றதும் நாம் எண்ணுவது தண்டவாளத்தை மூடிக் கிடக்கும் வெண்மையை. அது எளிய பகுதி. கனடாவின் செல்கிர்க் மலைத்தொடரில் ரோஜர்ஸ் கணவாய் வழியே 1885இல் பாதையிட்ட கனடியன் பசிபிக் நிறுவனம் பெரிதும் அஞ்சியது பனிப்பொழிவை அல்ல, பனிச்சரிவை. பாதைக்கு மேலே கனத்த மரக்கூரைகள் எழுப்பப்பட்டன. சுழலும் தகடுகளால் பனியை அரிந்து தொலைவில் வீசும் இயந்திரக் கலப்பைகளும் வந்தன. (அதை முதலில் வடிவமைத்தவர் டொராண்டோவின் பல் மருத்துவர் ஒருவர்!)

ஆனால் சரிவு தனியே வருவதில்லை; மரங்களையும் பாறைகளையும் வாரிக்கொண்டு வரும். அவை கலப்பையின் தகடுகளை முறித்துவிடும். எனவே முதலில் மனிதர்கள் இறங்கி வெட்டி அகற்ற வேண்டும். 1910 மார்ச் 4 இரவு அவ்வாறு ஒரு சரிவை அகற்றிக்கொண்டிருந்தவர்கள்மீது எதிர்மலையிலிருந்து மற்றொன்று இறங்கியது. மாண்டவர்கள் 58 பேர். அவர்களில் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். மூன்று நாட்களுக்கு முன்புதான் அமெரிக்காவின் வெலிங்டன் நிலையத்தில், பனியால் நகர முடியாமல் நின்ற இரு ரயில்களைச் சரிவொன்று பள்ளத்தில் தள்ளி 96 உயிர்களைப் பறித்திருந்தது.

இரு நாடுகளும் கடைசியில் மலைக்கு அடியில் புகுந்தன. 1916இல் 8 கி.மீ. நீளக் கன்னாட் சுரங்கம், 1929இல் 12.5 கி.மீ. நீளக் காஸ்கேட் சுரங்கம். இந்த வித்தை 1885இல் அறியப்படாததா என்ன? ஆல்ப்ஸ் மலையில் 15 கி.மீ. நீளக் கோட்டார்ட் சுரங்கம் 1882இலேயே திறக்கப்பட்டுவிட்டது. கனடிய நிறுவனத்திடம் அன்று பணம் இல்லை. மண்வாரி பிடிக்க ஆட்கள் கிடைத்தார்கள்.

கைவிடப்பட்ட அந்தப் பழைய பாதைகளில் இன்று நடைபயணிகள் செல்கின்றனர்.