தட்டம்மை இறப்பும் குடியிருப்பும்: இலண்டன் வட்டாரங்கள், பத்து காஜா தோட்ட லயங்கள் - ஓர் ஒப்பீடு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் தோட்டப்புற இறப்புகளைப் பேசும்பொழுது மலேரியாவையே முதன்மையாகக் கொண்டனர். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் தொடங்கிய வடிகால் பணிகள் முதலாக அதற்கு நெடிய ஆவணத் தொடர்ச்சி உண்டு. குழந்தைகளைக் கொண்டுசென்ற தட்டம்மைக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. பெருநகரொன்றின் வட்டாரங்களை ஒப்பிட்டு எழுந்த ஆய்வுகளின் துணைகொண்டு, பத்து காஜாவைச் சூழ்ந்த தோட்ட வாழ்வை எவ்வாறு அணுகலாம் என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

இலண்டன் காட்டும் உண்மை

இங்கிலாந்தில் 1837 முதல் இறப்புகள் முறையாகப் பதிவு செய்யப்பட்டன. ஆதலின் இலண்டனின் வட்டாரங்களைத் தனித்தனியே ஒப்புநோக்க இயல்கிறது. அன் ஹார்டி 1993இல் வெளியிட்ட நூல் 1856 முதல் 1900 வரையிலான அந்நகரின் தொற்றுநோய்களை இவ்வாறு ஆராய்ந்துள்ளது.

தடுப்பூசிக்கு முந்திய காலத்தில் நகரக் குழந்தைகளுள் ஏறத்தாழ அனைவரையும் தட்டம்மை தொட்டது. செல்வர் வீட்டையும் அது விடவில்லை. எனவே, வட்டாரங்களுக்கிடையே இறப்பு வேறுபட்டதற்கு நோயுற்றோர் தொகை காரணமாகாது. எந்த வயதில், எத்தகைய வீட்டில், எத்தகைய உடல்நிலையில் நோய் வந்தது என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது. நெருக்கமான வீடுகளில் தவழும் பருவத்திலேயே நோய் பற்றியது. வசதியான இல்லங்களில் பள்ளிப் பருவம்வரை அது தள்ளிப்போனது. நுரையீரல் அழற்சியைத் தாங்கும் ஆற்றல் ஈராண்டுக் குழந்தைக்கும் ஏழாண்டுக் குழந்தைக்கும் ஒன்றன்று.

1970களின் இறுதியில் கினி-பிசாவ் நாட்டில் பீட்டர் ஆபி நடத்திய ஆய்வு இதற்கு மேலும் விளக்கம் தருகிறது. வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்த குழந்தையைவிட, அதனிடமிருந்து வீட்டுக்குள்ளேயே நோயைப் பெற்ற உடன்பிறப்புகளே மிகுதியாக இறந்தனர். ஓரறையில் இடைவிடாது உடனுறைவது நோயின் கடுமையைக் கூட்டுகிறது என்பது இதனால் பெறப்படும்.

லயத்து வாழ்வு

இவ்வளவைக்கொண்டு லயத்தை இலண்டன் சேரியோடு சமப்படுத்திவிடலாகாது. தட்டம்மை ஓரிடத்தில் அறாது நிலைக்க இரண்டரை முதல் மூன்று இலட்சம் மக்களேனும் வேண்டும் என்பதை 1957இல் பார்ட்லெட் எடுத்துக்காட்டினார். சில நூறு பேர் வாழும் தோட்டத்தில் அது தங்க இயலாது; வெளியிலிருந்தே வரவேண்டும். இவ்வகையில் தோட்டம் ஒரு தீவை ஒத்தது. 1781க்குப் பின் தட்டம்மை காணாத பரோயே தீவுகளில் 1846இல் அந்நோய் புகுந்தபோது, 7,782 பேருள் ஏறத்தாழ 6,000 பேர் நோயுற்றனர். 1781இல் நோயுற்றுத் தப்பிய முதியோரை அது மீண்டும் தீண்டவில்லை என்பதைப் பானும் பதிவு செய்தார்.

எனவே தோட்டக் குழந்தைகளின் நிலையை இரு விசைகள் வகுத்தன எனக் கருதலாம். ஒதுங்கிய அமைவு நோயின் வருகையைத் தாமதப்படுத்தியது. நோய் வந்தபின்னோ, ஓரறையில் ஒரு குடும்பம் வாழ்ந்த லயமும், தாய்மார் பால்மரம் வெட்டச் சென்றபின் குழந்தைகள் ஒருங்கே விடப்பட்ட ஆயாக்கொட்டகையும் அதனை விரைந்து பரப்ப ஏற்றவையாயிருந்தன. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடுக்கும்வரை நாகப்பட்டினக் கப்பல்களின் வழி புதியோர் வந்துகொண்டிருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நம்மவர் இந்நோயை மணல்வாரி என்றும் தட்டம்மை என்றும் வழங்கி, மாரியம்மன் வரவாகவே கொண்டனர். பத்து காஜாவை அடுத்த கெல்லி கோட்டையின் அருகிலுள்ள மாரியம்மன் கோயில், தொழிலாளரைத் தொற்றுநோய் வாட்டியபோது வில்லியம் கெல்லி ஸ்மித் உதவியுடன் எழுப்பப்பட்டது என்பது அவ்வட்டார வழக்கு. வேப்பிலை செருகி அயலாரை வரவிடாது காத்த முறை, அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கு ஓரளவேனும் அரணாயிருக்கும். ஆயினும் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும். உள்ளே உடன்பிறந்தார் ஒரே பாயில் உறங்கினர். மரபு காத்த எல்லை வாயிற்படியில் இருந்தது. இடரோ அறைக்குள் இருந்தது. இது தாய்மாரின் அறியாமை அன்று. மற்றோர் அறை இல்லாமையே ஆகும்.

முடிவுரை

தடுப்பூசி 1963இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றது; மலேசியாவில் 1982இல் அறிமுகமானது. இங்கிலாந்தில் அதற்குப் பல்லாண்டு முன்னரே தட்டம்மை இறப்பு பெரிதும் குறைந்துவிட்டது. வீடும் உணவும் திருந்தியமை அதற்கான காரணங்களுள் அடங்கும். ஆயினும் 2019இல் கிளந்தான், குவாலா கோவில் பாத்தேக் பூர்வகுடியினர் பலர் தட்டம்மையால் மாண்டமை, ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளில் இவ்வரலாறு முடியவில்லை என்பதை உணர்த்துகிறது.

இலண்டன் குழந்தையின் இறப்பு தெருவாரியாக எண்ணப்பட்டதால் அது சான்றாயிற்று. மலாயாவில் மருத்துவர் காணாத இறப்புகள் பல, 'காய்ச்சல்' என்றும் 'இழுப்பு' என்றும் பொதுப்பெயரில் அடங்கின. இன்று தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. தோட்ட மருத்துவமனையின் நோயாளர் ஏடும், தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும், இடுகாட்டுக் கற்களும் எஞ்சியுள்ள இடங்களில் அவற்றைத் தொகுத்தல் நம் மாணவர்க்குரிய முதற்பணியாகும். பெயரின்றிப் போன அக்குழந்தைகளை வரலாற்றில் சேர்க்க வேறு வழியில்லை என்பதே நம் துணிபு.