கொடிப்பந்தலும் கார்மென் தோட்டமும்

திருக்குர்ஆனின் அல்-அன்ஆம் அத்தியாயம் (6:141) பந்தலில் படர்வனவும் படராதனவுமான தோட்டங்களை இறைவனின் படைப்பாகக் குறிப்பிடுகிறது. அறுவடை நாளிலேயே அவற்றுக்குரிய பங்கைக் கொடுத்துவிடப் பணிக்கிறது, வீண்விரயத்தையும் தடுக்கிறது. கொடிக்குப் பந்தலிடும் கலை முஸ்லிம்களின் கையில் எத்தகைய நுட்பம் பெற்றது என்பதை அந்தலூஸில் காண்கிறோம்.

தென் ஸ்பெயினின் கோடை கடுமையானது. மழை பெரும்பாலும் குளிர்காலத்துக்குரியது. ஆதலின் அங்கே தோட்டம் என்பது நீரையும் நிழலையும் கணக்கிட்டு அமைப்பதாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தம் 'கிதாபுல் ஃபிலாஹா'வில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களைப் பற்றி எழுதினார். கனிமரங்களுடன் ரோஜாவும் மல்லிகையும் அதில் இடம்பெற்றன.

அல்மேரியாவின் இப்னு லுயூன் (1282–1349) வேளாண்மையைச் செய்யுளாகவே பாடினார். கொள்ளைநோய் அந்நகரைத் தாக்கிய 1348ஆம் ஆண்டில் நிறைவுற்ற அந்நூல், தோட்டம் அமைக்கும் முறையையும் வகுத்துரைக்கிறது. மேட்டில் வீடு; அருகே நீர்நிலை; அதைச் சுற்றி என்றும் பசுமையான செடிகள்; அப்பால் பூக்களும் மரங்களும். நடைபாதைகளின் மேல் திராட்சைப் பந்தல் படர வேண்டும். நடுவிலுள்ள மண்டபத்தைக் கொடிரோஜா சூழ வேண்டும் என்கிறார் அவர். திராட்சை குளிர்காலத்தில் இலையுதிர்ப்பது. எனவே வெயில் காலத்தில் நிழல் தரும் அதே பந்தல், குளிர் காலத்தில் கதிரவனுக்கு வழிவிடுகிறது. பயனும் அழகும் இங்கே பிரிக்கப்படவில்லை.

1492இல் கிரனாடா வீழ்ந்தது. 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டனர். நிலத்தைப் பண்படுத்திய கைகள் அகன்றன. அவர்களின் சொற்களோ அகலவில்லை. வாய்க்காலைக் குறிக்கும் 'அஸேகியா' அரபியின் 'அஸ்ஸாகியா'; குளத்தைக் குறிக்கும் 'அல்பெர்கா' அரபியின் 'அல்பிர்கா'. பாரசீகத்தின் 'யாஸமீன்' அரபி வழியே ஸ்பானிய மல்லிகையின் பெயராயிற்று. கிரனாடாவின் அல்பைசின் பகுதியில் மதில் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்கள் இன்றும் 'கார்மென்' என்றே வழங்குகின்றன. திராட்சைக் கொடியைச் சுட்டும் 'கர்ம்' எனும் அரபிச் சொல்லே அதன் மூலம். 1994இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற பகுதி அது.

அந்தலூஸ் என்றதும் அல்ஹம்ராவின் மண்டபங்களையே நாம் நினைத்துப் பெருமூச்செறிகிறோம். அரசர்கள் கட்டியவை காட்சிப் பொருள்களாகிவிட்டன. பெயரறியாத உழவர் நட்ட கொடியோ, அவர்தம் சந்ததியை வெளியேற்றிய மக்களின் நாவிலேயே படர்ந்து நிற்கிறது. நம் வரலாற்று நூல்களில் வாளேந்தியோருக்குத் தந்துள்ள இடத்தில் ஒரு பகுதியையேனும் மண்வெட்டி ஏந்தியோருக்குத் தருதல் நம் கடன்.