கோசுமல்லியும் கோசும்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நாட்களில், வடநாட்டு நகரங்களில் குடியிருக்கும் தமிழ் இல்லங்களின் சமையலறையில் ஒரு சிறு மாறுதல் நிகழ்கிறது. குழம்பின் காரம் தணிகிறது, மோர் மிகுகிறது, சோற்றுக்குப் பக்கத்தில், அடுப்பைக் காணாத காய் ஒன்று வந்து அமர்கிறது. வெள்ளரிக்காயைப் பொடியாக அரிந்து, ஊறிய பயற்றம்பருப்பும் தேங்காய்த் துருவலும் கூட்டி, பச்சை மிளகாயும் கடுகும் தாளித்துக் கொட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்த அதனைக் கோசுமல்லி என்கிறோம். ஸ்ரீராமநவமியன்று பானகத்தோடும் நீர்மோரோடும் நிவேதனமாகும் பண்டம் அது. இந்நாளிலோ முட்டைக்கோசும் காரட்டும் மெல்லிய இழைகளாக அதில் புகுந்துவிட்டன. பள்ளிக்குச் செல்லும் நம் குழந்தைகள் அதைக் கோசுமல்லி என்று சொல்வதுமில்லை, 'சாலட்' என்கிறார்கள்.

அந்தச் சொல் சில ஆண்டுகளுக்கு முன் நம்மை ஒரு பிற்பகல் முழுவதும் நிறுத்தி வைத்தது. சத்துணவைப் பற்றிய ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் ஒன்று தமிழாக்கத்திற்காக நம் மேசைக்கு வந்திருந்தது. கோடைக்கேற்ற 'சாலட்' பற்றி அதில் ஒரு பத்தி. முதலில் 'பச்சடி' என்று எழுதினோம். தமிழருக்குப் பச்சடி என்றால் தயிர் நினைவுக்கு வரும். வெல்லத்தில் வெந்த மாங்காய்ப் பச்சடியும் நினைவுக்கு வரும். தெலுங்கருக்கோ அது துவையல். அடித்துவிட்டோம். 'காய்கறிக் கலவை' என்று எழுதினோம். அது அவியலுக்கும் பொருந்தும் அல்லவா? அதையும் அடித்தோம். 'கோசுமல்லி' என்று எழுதியதும் பக்கத்து மேசை நண்பர் எட்டிப் பார்த்து, "அது நிவேதனமாயிற்றே, ஸார்! இங்கே சொல்லியிருப்பது வெள்ளைக்காரன் பண்டம்" என்றார். அந்த ஆட்சேபத்துக்கு விடை தேடப் போனபோது அகப்பட்ட செய்திகளே இக்கட்டுரை.

'சாலட்' என்னும் சொல்லின் பிறப்பில் காயும் இல்லை, கீரையும் இல்லை. இலத்தீன் மொழியில் உப்புக்குப் பெயர் 'சால்'. உப்பிட்டது என்னும் பொருளில் 'சலாட்டா' என்ற சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. வேகவைக்காமல் உப்பிட்டு உண்பது என்பதே அதன் உட்பொருள். அப்படியானால் நம் கோசுமல்லிக்கு அந்த வரிசையில் இடமில்லை என்று யார் சொல்ல முடியும்?

கோசுமல்லி தனித்து நிற்கும் சொல்லுமன்று. கன்னட நாட்டில் அது கோசம்பரி, மராட்டியத்தில் கோஷிம்பீர். பம்பாயிலோ புனேயிலோ குடியேறிய தமிழர், அண்டை வீட்டு இலையில் இதனைக் கண்டு புன்னகை செய்திருப்பார்கள். ஆந்திர நாட்டார் ராமநவமியன்று ஊறிய பருப்பை 'வடபப்பு' என்ற பெயரால் படைக்கிறார்கள். குஜராத்திலும் பார்சியர் இல்லங்களிலும் இந்துஸ்தானத்திலும் வெங்காயமும் வெள்ளரியும் கூடிய 'கச்சும்பர்' வழங்குகிறது. பெங்களூரில் 1939-ஆம் ஆண்டு தோன்றிய ராமசேவா மண்டலியின் ராமநவமி இசை விழாவுக்குச் சென்றவர்களுக்குக் கோசம்பரியையும் இசையையும் பிரித்து நினைக்க இயலாது. ஆகவே, வேகாத காயை உண்ணும் வழக்கத்தை ஆங்கிலேயர் நமக்குக் கற்பித்தார் என்பது பொருந்தாது.

இந்தப் பழைய வகைகளில் எந்தெந்தக் காய்கள் இடம்பெற்றன என்று கவனித்தால் ஒன்று புலப்படும். வெள்ளரி, மாங்காய், முள்ளங்கி, வாழைத்தண்டு, தேங்காய்: இவை எல்லாவற்றுக்கும் மேலே களைந்தெறிய ஒரு தோலோ பட்டையோ ஓடோ இருக்கிறது. உள்ளே இருப்பதை மண்ணும் தொடவில்லை, கையும் தொடவில்லை. பருப்பைப் பன்முறை களைந்து ஊறவைக்கிறோம். கீரையைப் பச்சையாக உண்ணும் வழக்கமோ நம்மிடம் அரிது. கொத்துமல்லியைக் கிள்ளித் தூவுவதோடு நிறுத்திக்கொண்டோம். நம் முன்னோர் நுண்ணுயிர்களைக் கண்டறிந்திருந்தார்கள் என்று மார்தட்ட வேண்டியதில்லை. அவர்களும் பேதி நோய்க்குக் கூட்டம் கூட்டமாக இரையானவர்களே. ஆயினும் தோலுரித்த காயையே பச்சையாக உண்பது என்ற வழக்கம், காரணம் தெரியாமலேயே பலரைக் காத்திருக்கும் என்பது நம் துணிபு.

வடநாட்டுக் கோடையில் வெள்ளரிக்கு ஓர் உறவினர் உண்டு. நீண்டு வளைந்து, வெளிர் பச்சையாய், தோல் சீவாமலே கடித்துத் தின்னக்கூடிய 'ககடி' அது. தில்லியில் புதிதாக வந்து இறங்கிய தமிழர் அதனை வெள்ளரிப் பிஞ்சு என்றே எண்ணுவர்; உண்மையில் அது முலாம்பழ இனத்தைச் சேர்ந்தது. ஆக்ராவின் ககடியைப் பற்றிக் கவிஞர் நஸீர் அக்பராபாதி தனியாக ஒரு கவிதையே பாடியிருக்கிறார். வெள்ளம் வடிந்தபின் யமுனையின் மணற்படுகையில் இவற்றைப் பயிரிடுவது தொன்றுதொட்ட வழக்கம். ஆனால் நதி மாசுபட்டது. தில்லிப் பகுதியில் யமுனை வெள்ளப் படுகையில் உண்ணும் பயிர்களை விளைவிக்கக் கூடாதென்று 2015-ஆம் ஆண்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட நேர்ந்தது. நஸீர் இதனைக் கேட்டிருந்தால் வேறொரு பாட்டுப் பாடியிருப்பார்.

இனி கோசின் கதைக்கு வருவோம். ஐரோப்பாவின் கடற்கரைகளில் காட்டுச் செடியாக வளர்ந்த ஓர் இனத்திலிருந்து மனிதன் பயிற்றி எடுத்த காய் அது. போர்த்துகீசிய மொழியில் அதன் பெயர் 'கோவே'. யாழ்ப்பாணத்துத் தமிழர் இன்றும் அதனைக் 'கோவா' என்பர், சிங்களவரும் அவ்வாறே. நாம் வழங்கும் 'கோசு' என்பதும் அதே வழியில் வந்ததென்பது அகராதியாளர் கருத்து. சொல் கடற்கரை வழியே வந்தது. காயோ நம் நாட்டில் வேரூன்றியது மலை வழியே.

கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் நீலகிரியின்மேல் ஏறினார். ஐரோப்பியக் காய்கறிகளையும் பழங்களையும் அங்கே பயிரிட்டுப் பார்த்தவர்களில் அவர் முதன்மையானவர். உதகமண்டலத்தில் இன்று நாம் கண்டு வியக்கும் தாவரவியல் பூங்காவின் தொடக்கமும் மலர்த் தோட்டமன்று. அங்கிருந்த ஐரோப்பியர் 1840-களில் மாதச் சந்தா செலுத்தி, தங்களுக்கு மலிவாகக் காய்கறி கிடைப்பதற்காக ஏற்படுத்திய தோட்டம் அது. அம்முயற்சி நிலைக்கவில்லை. கியூ தோட்டத்தில் பயின்ற மெக்கைவர் 1848-இல் வந்தபின்னரே அது பூங்காவாக உருப்பெற்றது. காய்கறிகளோ பூங்காவோடு நின்றுவிடவில்லை. படகர்கள் அவற்றைத் தம் நிலங்களில் விளைவித்தனர். மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. கோசும் காரட்டும் பீட்ரூட்டும் சமவெளிச் சந்தைகளுக்குச் சாதாரணச் சரக்காயின.

வந்தவற்றை எல்லோரும் உடனே ஏற்றுவிடவில்லை. 'இங்கிலீஷ் காய்' என்ற பெயரே ஒரு வேலியாயிற்று. சிராத்தச் சமையலில் பல இல்லங்களில் இன்றுங்கூடக் கோசுக்கும் காரட்டுக்கும் இடமில்லை. நம் நண்பரின் ஆட்சேபமும் இந்த வேலியிலிருந்து எழுந்ததே. அவருக்கு நாம் சொன்ன விடை ஒன்றுதான். நிவேதனக் கோசுமல்லியில் விழும் பச்சை மிளகாய் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. கொண்டுவந்தவர் யார்? அதே போர்த்துகீசியர். மிளகாய்க்குத் திறந்த கதவு கோசுக்கு மட்டும் ஏன் அடைபட வேண்டும்? நண்பர் சிறிது நேரம் பேசவில்லை.

கோசைப் பச்சையாக இழைத்து உண்ணும் வழக்கத்தின் வரலாறு தனி. அது ஆலந்துக்காரர்களுடையது. அவர்கள் மொழியில் 'கோல்' என்றால் கோசு. 'ஸ்லா' என்றால் சாலட். வட அமெரிக்காவில் குடியேறிய ஆலந்துக்காரர்களிடையே இது பரவியிருந்தது. ஸ்வீடன் நாட்டு இயற்கை நூலறிஞர் பேட்டர் கால்ம் 1749-ஆம் ஆண்டில் ஆல்பனி நகரில் தங்கியிருந்தபோது, வீட்டுக்கார அம்மையார் கோசை மெல்லிய கீற்றுகளாக அரிந்து காடியும் எண்ணெயும் உப்பும் மிளகும் கலந்து பரிமாறியதை வியந்து குறித்து வைத்திருக்கிறார். ஆங்கிலம் பேசுவோர் 'கோல்' என்பதைக் 'கோல்ட்' என்று கேட்டு, குளிர்ந்த ஸ்லா என்று பொருள் கொண்டார்கள். பிறகு அடுப்பில் சுட வைத்த ஒன்றுக்குச் 'சூடான ஸ்லா' என்றும் பெயரிட்டார்கள்! மொழிபெயர்ப்பில் பிழைபடுவோர் நாம் மட்டுமல்லர் என்பதில் ஓர் ஆறுதல். முட்டையும் எண்ணெயும் கடைந்த மயோனைஸை இதில் குழைக்கும் வழக்கம் பிற்காலத்தது.

இந்தியாவில் இருந்த ஆங்கிலேயரோ பச்சைக் காயைக் கண்டு அஞ்சினர். ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்து நிலைநாட்டியபின் அந்த அச்சத்துக்கு விஞ்ஞான ஆதாரமும் கிடைத்தது. ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகராயிருந்த ஹாங்கின் என்பவர், 1890-களில் கிணறுகளில் பெர்மாங்கனேட் உப்பைக் கரைத்துக் காலராவைத் தடுக்க முயன்றார். வெள்ளையர் பங்களாக்களில் சாலட் இலைகளை அந்த இளஞ்சிவப்பு நீரில் முக்கி எடுத்த பின்பே மேசைக்கு அனுப்பினார்கள்.

அச்சத்தின் மறுபக்கத்தை எடுத்துக் காட்டியது நீலகிரியே. குன்னூரில் மக்காரிசன் 1918-இல் தொடங்கிய ஊட்ட ஆராய்ச்சி, பிற்காலத்தில் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அவருக்குப்பின் அங்கே பணியாற்றிய அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைக் கணக்கிட்டு 1937-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். கோசில் உள்ள வைட்டமின் 'சி' நீரில் கரைவது, நீண்ட நேரம் வேகும்போது பெரிதும் குறைவது. கோசு விளைந்த மலையிலேயே அதன் குணத்தை ஆராயும் கூடமும் அமைந்தது தற்செயல்தான். இருந்தாலும் எண்ணிப் பார்க்க இனிக்கிறது.

கைப்பாகத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். கோசின் மேலிலைகள் இரண்டு மூன்றை நீக்கிவிட்டு, எஞ்சியதை இதழ் இதழாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவி, ஈரம் உலர்ந்தபின் நூலிழையாக அரிய வேண்டும். பருப்பு ஒரு மணி நேரம் ஊறினால் போதும். தில்லியின் மே மாத வெப்பத்தில் அதற்கு மேல் விட்டால் புளித்த வாடை எழும். உப்பையும் எலுமிச்சையையும் இலை போட்ட பிறகே சேர்ப்பது நல்லது. முன்னதாகச் சேர்த்தால் உப்பு காயினுள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். மொறுமொறுப்புப் போய்க் காய் துவண்டு, கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கும். ஆல்பனி அம்மையாருக்கும் நம் பாட்டிமாருக்கும் இந்த விதி பொதுவே. காடியும் எண்ணெயும் அங்கே செய்த வேலையை எலுமிச்சையும் தாளித்த கடுகும் இங்கே செய்கின்றன.

பிரசுரத்தில் 'பச்சைக் காய்க் கோசுமல்லி' என்றே எழுதி அனுப்பினோம். நண்பரும் இசைந்தார். பிழை திருத்தும் படி திரும்பி வந்தபோது பார்த்தால், நான்கு இடங்களில் மூன்றில் 'கொத்துமல்லி' என்று அச்சாகியிருந்தது.