கேளாச் செவிகளும் கல்விச் சாலையும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில், ஓசையின்றி விரல்களால் உரையாடி மகிழும் மாணவரைச் சில வேளைகளில் காணலாம். வேடிக்கை பார்ப்போர் பலர். அவ்விரல்களுக்குப் பின்னுள்ள வரலாற்றை எண்ணுவோர் சிலரே.

எக்குழந்தை கற்கத் தக்கது என்பதை உடற்குறை முடிவு செய்வதில்லை. அச்சமுதாயம் கல்வியை எவ்வழியில் ஊட்டுகிறதோ அதுவே முடிவு செய்கிறது. நம் முன்னோரின் கல்வி செவிவழிக் கல்வி. உஸ்தாது ஓத, மாணவர் கேட்டு மனனம் செய்தனர். ஆகவே விழியிழந்தோர்க்கு மத்ரஸாவில் இடமிருந்தது. பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு நாடி வந்ததன் தொடர்பாகவே திருமறையின் 80ஆம் அத்தியாயத்துத் தொடக்க வசனங்கள் அருளப்பெற்றன. மதீனாவில் பாங்கு சொல்லும் பேறும் அவர்களுக்குக் கிட்டிற்று. இளமையிலேயே பார்வையிழந்த எகிப்தின் தாஹா ஹுஸைன் அல்அஸ்ஹரில் பயின்று, 1950இல் அந்நாட்டின் கல்வி அமைச்சரானார். நம் செங்கற்பட்டுச் சீமையிலும், பொன்விளைந்த களத்தூரின் அந்தகக்கவி வீரராகவ முதலியார் 17ஆம் நூற்றாண்டில் பெரும்புலவராய் விளங்கினார்.

ஆனால் செவியிழந்த குழந்தை? கேட்டலே கற்றல் என்றிருந்த உலகில் அதற்கு வாயில் அடைபட்டது. இதில் ஒரு வியப்பு உண்டு. வாய் பேசாதாரின் விளங்கத்தக்க சைகை, நாவின் சொல்லுக்கு நிகர் என்பது ஃபிக்ஹுச் சட்டம் அறிந்த விதி. உஸ்மானியப் பேரரசு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘மஜல்லா’ சட்டநூலின் 70ஆம் விதி இதனையே கூறுகிறது. விற்றலிலும் வாங்கலிலும் சைகை செல்லும். ஓதும் பள்ளியில் மட்டும் செல்லாமற் போயிற்று!

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி வாய்மொழிப் பயிற்சியையே கைக்கொள்ளத் தீர்மானித்தது. அதன் நிழல் பல நாடுகளின் பள்ளிகளில் நெடுங்காலம் படிந்திருந்தது.

தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் செவிப்புலனற்றோர்க்குப் பள்ளி கண்டார். சென்னையின் தென்பகுதியில் அடையாற்றில் 1962இல் செயின்ட் லூயிஸ் நிறுவனம் தோன்றியது. 1969இல் எழுந்த பால வித்யாலயா, பள்ளிப் பருவம் எய்தாத மழலையரையே ஏற்றுத் தாயையும் உடன் அமர்த்திப் பேச்சுப் பயிற்சி அளித்தது.

பள்ளி இருந்தால் போதுமா? தொலைவிலுள்ள விடுதியில் பெண்மகவை விட்டுவர எந்தத் தாய் எளிதில் ஒப்புவாள்? “ஊமைப் பெண் உள்ள வீடு” என்ற பேச்சு மூத்தவளின் நிக்காஹைத் தடுக்குமோ என்னும் அச்சம் வேறு. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில், காலையில் சென்று மாலையில் திரும்பும் வழியைப் புறநகர்க் குடும்பங்களுக்குத் தந்தது. எனினும் கிண்டியில் இறங்கிப் பேருந்து மாறி, பிள்ளையுடன் பகலெல்லாம் காத்திருப்பவள் பெரும்பாலும் தாயே. அப்பிள்ளையின் கல்விக்கு அவள் செலுத்தும் கட்டணம் அவளது நாளாகும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவு குறைபாடுடைய 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அண்மைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையளித்துள்ளது. சைகை மொழி அறிந்த ஆசிரியரைப் பணியமர்த்தவும் பணிக்கிறது. அரசின் கடமை அவ்வாறிருக்க, நம் கடமை யாது?

ஜும்ஆவில் குத்பா நிகழ்கையில், பின்வரிசையில் ஒன்றும் புரியாது அமர்ந்திருக்கும் இளைஞனை நாம் நோக்கியதுண்டா? மஹல்லா மத்ரஸாவின் உஸ்தாதுகளுள் ஒருவரேனும் சைகை மொழி பயின்றால், அவனும் தன் மார்க்கத்தைத் தன் மொழியில் அறிவான். சைகை சொல்லே என்று நம் சட்ட அறிஞர்கள் என்றோ தீர்ப்பளித்துவிட்டனர். அத்தீர்ப்பை வகுப்பறைக்குக் கொண்டு செல்வதே எஞ்சியிருக்கிறது.