லினக்ஸுக்கு மாறியதும் கருப்புத் திரையா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் பாருங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் கைகொடுக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலேயே, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம்பெற்றது.

எடப்பாடியில் டிசைன் கடை வைத்திருப்பவர் லினக்ஸ் போட்டு ரீஸ்டார்ட் செய்கிறார், திரை கருப்பாகவே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே மெஷினைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு ஓட வேண்டியதில்லை. பெரும்பாலும் இது கிராபிக்ஸ் டிரைவர் சிக்கல்தான். ஃபைல்கள் டிஸ்கில் பத்திரமாக இருக்கும். அவசரப்பட்டு ஃபார்மேட் செய்தால்தான் அவை போகும்.

ஏன் வருகிறது?

இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸுக்கான டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தே வரும். என்விடியாவின் சொந்த டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். அதுவரை 'நூவோ' என்ற பொது டிரைவர் ஓடும். சில கார்டுகளில் அது தடுமாறும்.

என்ன செய்யலாம்?

1. ஆன் செய்ததும் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் பட்டனை அழுத்தி, 'கிரப்' மெனுவைக் கொண்டுவாங்க.

2. அதில் 'இ' எழுத்தை அழுத்துங்க. 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடம் விட்டு 'நோமோட்செட்' என ஆங்கிலச் சின்ன எழுத்தில், ஒரே சொல்லாக அடித்து, எஃப்10 அழுத்துங்க. இது அந்த ஒரு தடவைக்கு மட்டுமே.

3. திரை வந்ததும் நெட் இணைத்து, லினக்ஸ் மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, பரிந்துரைக்கப்படும் டிரைவரைப் போடுங்க. பழைய கார்டுக்குப் பழைய பதிப்பே பொருந்தும்.

4. செக்யூர் பூட் ஆனில் இருந்தால் இடையில் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' தேர்ந்தெடுத்து அதையே கொடுக்கணும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் வேலை செய்யாது.

அப்டேட்டுக்குப் பிறகு வந்தால்?

கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்க. அதில் திரை வந்துவிட்டால் கார்டு நன்றாகவே இருக்கிறது, புதுசு வாங்கும் செலவு மிச்சம்!