மாட்டு வண்டியில் போன கேமரா

டூர் போனால் போட்டோ எடுக்க நேரமே கிடைப்பதில்லை என்பது நம்ம பசங்களின் நிரந்தரப் புலம்பல். நாமக்கல் மலைக்கோட்டைக்குப் பத்து நிமிஷம். சங்ககிரிக்கு அதுவும் இல்லை, ஓடும் வண்டியிலிருந்தே ஒரு கிளிக்! இதே சேலம் ஜில்லாவில், 150 வருஷங்களுக்கும் முன்பே, போட்டோவுக்காகவே ஒருவர் பயணம் போயிருக்கிறார்.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப் (1822-1902). மதராஸ் ராணுவத்தில் கேப்டன். 1855-ல் பர்மா சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு போய்ப் படம் எடுத்தவர். 1856-ல் மதராஸ் அரசு இவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. பழைய கட்டடங்கள் அழிவதற்குள் படமாகப் பதிந்து வைப்பது முக்கிய வேலை. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பினார். வடக்கே கலகம் இன்னும் ஓயாத நேரம் அது.

சாமான்கள் மாட்டு வண்டிகளில். ஒரு அடிக்கும் மேல் அகலமான படம் வேண்டுமென்றால் நெகட்டிவும் அதே அளவு இருக்க வேண்டும். ஆக, கேமராவே ஒரு பெரிய பெட்டி!

அப்போது புதிதாகப் பரவியிருந்த கண்ணாடி நெகட்டிவில் ஒரு சிக்கல். மருந்து தடவிய ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். டிரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகிதம். முன்கூட்டியே தயார் செய்து கொள்ளலாம், எடுத்த பிறகு தங்குமிடத்தில் நிதானமாகக் கழுவலாம். பயணத்தில் நேரம் கிடைத்த ரகசியம் இதுதான். பதிலுக்கு, ஒரு படத்துக்குப் பல நிமிஷம் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். நடமாடும் ஆட்கள் படத்தில் விழவே மாட்டார்கள். அந்தக் காலப் படங்களில் கோயில் வீதிகள் வெறிச்சோடிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

1858-ல் படங்கள் தொகுப்புகளாக வெளிவந்தன. மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டையோடு, ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் கொண்ட ஒரு தொகுப்பும் உண்டு. (ராயக்கோட்டை இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம்.) தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, நீளமாக ஒட்டி ஒரே படமாக்கினார். கல்வெட்டு ஆராய்பவர்களுக்கு அது அழகுப் படம் இல்லை, ஆவணம்.

அப்புறம்? 1859-ல் கவர்னராக வந்தவர் சார்லஸ் டிரெவெல்யன். கலகத்துக்குப் பிறகு கஜானா காலி. இந்த நிதி நிலைமைக்குப் புகைப்படம் எல்லாம் ஆடம்பரம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். 1860-ல் கடை மூடப்பட்டது.

காமர்ஸ் படிக்கிறவனாக டிரெவெல்யன் பக்கமும் நியாயம் தெரிகிறது. அந்த வருஷக் கணக்கில் அது செலவு மட்டும்தான். ஆனால் வரவு எந்த வருஷக் கணக்கில் வரும்? இன்று அந்தப் படங்கள் லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியிலும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் பத்திரமாக இருக்கின்றன. அன்றைய சேலம் ஜில்லா எப்படி இருந்தது என்று பார்க்க அவை நமக்கு உதவுகின்றன.

நம் கையில் இருக்கும் கேமராவுக்கு மாட்டு வண்டி வேண்டாம், மெழுகு வேண்டாம். அடுத்த முறை நாமக்கல் போனால் செல்ஃபி முடிந்ததும் இன்னொரு பத்து நிமிஷம் நில்லுங்கள். கோட்டைச் சுவரை, சுற்றியுள்ள ஊரை எடுங்கள். தேதியும் இடமும் எழுதி வையுங்கள். சாப்பாடு கொஞ்சம் ஆறினால் பரவாயில்லை!