ஆட்காட்டி விரலுக்கு 14 சதவீதம்

செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது 1998-இல். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என சிப்காட் வளாகங்கள் பெருகியதெல்லாம் நேற்றைய கதை. ஆனால் அங்கே பிரஸ் மெஷினில் விரலைப் பறிகொடுத்தவரின் இழப்பை அளக்கும் முறை, 1924 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வாரிசு. உறுப்புக்கு இத்தனை சதவீதம் என்று பட்டியல் போடும் அந்த வழக்கம், திருத்தங்களோடு ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இடம்பிடித்தது. கட்டைவிரலுக்கு 30, ஆட்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, சுண்டுவிரலுக்கு 7. உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதையே இந்த எண்கள் சொல்வதாகச் சட்டம் கருதுகிறது. உண்மையில் அவை அளப்பது உடலைத்தான். அந்த உடலுக்கு இனி வேலை கிடைக்குமா என்ற கேள்வி பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

சராசரி நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஈ.எஸ்.ஐ.யில் முழு உதவித்தொகை அதில் 90 சதவீதம், அதாவது 540 ரூபாய். ஆட்காட்டி விரல் போனவருக்கு அதில் 14 சதவீதம். நாளொன்றுக்கு 75 ரூபாய் 60 காசு. வேலைக்குப் போனாலும் இந்தத் தொகை ஆயுள் முழுக்க வந்துகொண்டிருக்கும் என்பது இத்திட்டத்தின் பெரிய நன்மை. அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான விதி வேறு வழியில் போகிறது: ஒரே ஊனம் 60 சதவீதமாக இருந்து, அதனால் நிலையான வேலை பார்க்க முடியாமல் போனால், 100 சதவீதத்துக்கான தொகையே கிடைக்கும். ஆனால் அவர் நல்ல வருமானமுள்ள வேலையில் நிலைத்துவிட்டால் அந்தச் சலுகை பறிபோகலாம். நம் முறை உழைப்பவரைத் தண்டிப்பதில்லை. வேலையே கிடைக்காதவரைக் கண்டுகொள்வதுமில்லை. காயம் ஆறும் வரை வேலைநீக்கத்தைத் தடுத்த 1948-இன் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நிரந்தர ஊனம் உறுதியான பிறகு கைகொடுக்கவில்லை. ஊனமுற்ற ஊழியரை நீக்கக்கூடாது என்னும் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதி அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. ஆகவே லைனில் நின்ற காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு 14 சதவீத இழப்பு, நடைமுறையில் முழு இழப்பாகிவிடக்கூடும்.

பட்டியல் இல்லாவிட்டால் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வழக்கு நடக்கும், இழப்பீடு ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பார்கள். நியாயமான அச்சம்தான், வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்குப் பட்டியலே பாதுகாப்பு. ஆனால் பட்டியலை வைத்துக்கொண்டே அதைத் தாண்டிப் பார்க்க முடியும் என்பதை உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரிலேயே காட்டிவிட்டது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், முழங்கைக்கு மேலே இடக்கையை இழந்த தச்சர் ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது என்பதால், அவருடைய இழப்பு முழுமையானது என்ற முடிவை நீதிமன்றம் ஏற்றது. பட்டியலைப் பார்த்து அவரைப் பகுதி ஊனமுற்றவராகக் கருத வேண்டும் என்ற முதலாளியின் வாதம் எடுபடவில்லை.

அந்தத் தீர்ப்பு தச்சரின் தொழிலைக் கேட்டது. இழப்பீட்டு, ஈ.எஸ்.ஐ. சட்டங்களின் இடத்தைப் பிடித்த 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் பட்டியலைக் கைவிடவில்லை, கைவிடவும் வேண்டாம். பட்டியல் சொல்லும் எண் குறைந்தபட்சமாக உடனே கிடைக்கட்டும். ஓராண்டு கழித்து, அதே மெஷினிலோ அதே கூலியிலோ காயம்பட்டவருக்கு வேலை இருக்கிறதா என்று, ஊனத்தை மதிப்பிட்ட மருத்துவக் குழு மறுபடி விசாரிக்கட்டும். இல்லையென்றால் சதவீதத்தை உயர்த்தும் பொறுப்பும் அந்தக் குழுவுக்கு இருக்க வேண்டும்.